ஐஸ் பெட்டிக்கு வைத்த பொட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்து ஃப்ரீசருக்கு எதிரிகள் என்று ஒரு பெரிய கூட்டத்தையே நான் மனதில் வைத்திருந்தேன். முதலில் மின்வெட்டு. மதுரையில் கோடை வந்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தது எலி. அப்புறம் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் வோல்டேஜ். கடைசியாக, பக்கத்து அறை ஜனகராஜ். நிலக்கடலையில் வரும் பூஞ்சையை ஆராய்கிற அந்த மனிதர், மத்தியானச் சோற்றுக்குக் கொண்டுவரும் மோரை என் ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்பார். பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரியில் மோர் பாறாங்கல்லாகிவிடும், சுத்தியல் கொண்டுவந்துதான் குடிக்க வேண்டும் என்று நானும் அலுக்காமல் சொல்வேன்.

இவர்கள் எல்லோரையும் சமாளித்திருந்தேன். சண்டை போட்டு ஜெனரேட்டர் வாங்கினேன். வயர்களுக்கு இரும்புக் குழாய் போட்டேன். ஸ்டெபிலைசர் வைத்தேன். ஜனகராஜுக்கு என் வாயே போதும். ஆயுத பூஜையை மட்டும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்த ஃப்ரீசருக்குள் இருந்தது காலரா. சும்மா சொல்லவில்லை, உயிரோடு இருந்தது. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் உறைந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மகாலுக்குப் பின்னால் தெருவில் இருக்கும் சௌராஷ்ட்ரக் குடும்பம். அப்பாவுக்குப் பட்டுநூல் சாயப் பட்டறை. "வசுந்தரா என்ன வேலை பார்க்கிறாள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். பேதிக் கிருமி வளர்க்கிறாள் என்று எப்படிச் சொல்வது? என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். காப்பியை வாயில் வைக்காமலே எழுந்து போனார்கள்.

எனக்கு அந்தக் கிருமி மேல் கோபமும் உண்டு, பிரமிப்பும் உண்டு. அது குடலுக்குள் போய் எதையும் கடித்துக் குதறுவதில்லை. குடலின் செல்லுக்குள் நுழைவதுகூட இல்லை. வெளியே ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சை மட்டும் உள்ளே அனுப்பும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சேதி சொல்ல ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாசல் மணி மாதிரி. யாராவது அழுத்தினால் அடிக்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். காலரா நஞ்சு அந்த மணியை நிற்கவிடாமல் செய்துவிடும். சைக்ளிக் ஏ.எம்.பி. என்று ஒரு பொருள் செல்லுக்குள் ஏறிக்கொண்டே போகும். "தண்ணீரை வெளியே விடு, வெளியே விடு" என்று விடாமல் கேட்கிற சேதியை நம்பி, செல் உடம்பில் உள்ள தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டிவிடும். காலையில் வயலுக்குப் போன ஆள் சாயங்காலம் கண் குழிந்து கிடப்பது இப்படித்தான்.

இதுவரை சொன்னது உலகத்துக்கே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றும் இருந்தது. அதை எனக்குக் கொடுத்தவள் முத்துத்தாய்.

எழுபத்தைந்தில், நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊரில் காலரா வந்தது. மருத்துவர்கள் போன ஜீப்பில் மாதிரி எடுக்க நானும் தொற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடத்து வராண்டாவில் வரிசையாக ஆட்கள் கிடந்தார்கள். கடைசியில் கிடந்தாள் முத்துத்தாய். என் வயதுதான் இருக்கும். உதடு வெடித்திருந்தது. "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் மாமியார் செல்லத்தாய் செம்பை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"குடுங்கம்மா. உப்பும் சக்கரையும் போட்டு எவ்வளவு கேட்டாலும் குடுங்க" என்றேன்.

"நீ சும்மா இரு தாயி. வயித்தால போறவளுக்குத் தண்ணி குடுத்தா இன்னும்ல போகும்!"

அவள் குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. மருமகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செம்பை மறைத்து வைத்திருந்தாள். டாக்டரைக் கூப்பிட்டேன். அவரிடம் சலைன் பாட்டில் தீர்ந்துபோயிருந்தது, திருமங்கலத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். அவர் வந்து சொன்ன பிறகுதான் கிழவி செம்பைக் கொடுத்தாள். அதற்குள் முத்துத்தாய்க்கு விழுங்க முடியவில்லை. கடைவாயில் வழிந்தது. என் கையில் பஞ்சுக் குச்சியும் குழாயும் மட்டும் இருந்தன. எடுக்க வேண்டியதை எடுத்தேன். ஜீப் கிளம்பும் முன்னாலேயே ஒப்பாரி கேட்டது.

அந்தக் குழாயில் இருந்த கிருமிதான் வினோதமானது. மற்ற கிருமிகளின் நஞ்சைக் கொடுத்தால் முயல் குடலின் செல்களில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். முத்துத்தாயின் கிருமியில் மணி அடிக்கவேயில்லை. ஏ.எம்.பி. ஏறவேயில்லை. ஆனாலும் தண்ணீர் கொட்டியது. அப்படியென்றால் செல்லுக்குச் சேதி போக இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை. இதை உறுதி செய்ய எனக்கு எட்டு வருஷம் ஆனது. ஏ.எம்.பி.யை அளக்கப் பம்பாயிலிருந்து ரயிலில் வரும் கதிரியக்கப் பொருள் மதுரை வந்து சேர்வதற்குள் பாதி வீரியம் போயிருக்கும். வாங்கி வந்த முயல்கள் வெயிலில் சுருண்டு சாகும். இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் கிருமியை எடுத்து மறுபடி மறுபடி வளர்த்தால், நாலைந்து தலைமுறையில் தன் குணத்தை மறந்து சாதாரணக் காலராவாகிவிடும். முதலில் உறையவைத்த குப்பிகளில் மட்டும்தான் அசல் இருந்தது. அவற்றின் மேல் 'மு' என்று எழுதி, ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்திருந்தேன்.

முத்துத்தாய் செத்த சில மாதங்களில் அவள் புருஷன் காசிமாயன் பல்கலைக்கழகத்துக்கே தேடி வந்தார்.

"எம்பொஞ்சாதிகிட்ட ஏதோ எடுத்துட்டு வந்தீகளாம்ல. அது என்னாச்சு?"

மறைக்கத் தோன்றவில்லை. "அவங்களக் கொன்ன கிருமிண்ணே. உயிரோட வச்சிருக்கோம். அது எப்படிக் கொல்லுதுன்னு தெரிஞ்சா மருந்து கண்டுபிடிக்கலாம்."

ஃப்ரீசரைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "ஜெயில்ல போட்டிருக்கீக. நல்லா பூட்டி வைங்க தாயி, தப்பிச்சுக்கிட்டுப் போயிரப் போகுது" என்றார். பிறகு ஊருக்குப் போகவில்லை. இருந்த கொஞ்ச நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பழங்காநத்தத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, எங்களிடம் தினக்கூலியாகச் சேர்ந்தார். குழாய் கழுவுவார், முயலுக்குப் புல் போடுவார். வருஷா வருஷம் முத்துத்தாய்க்குத் திதி கொடுத்துவிட்டு வரும் நாளில் ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்டுபிடிச்சாச்சாம்மா?"

"இன்னும் கொஞ்சம்ண்ணே."

"அம்புட்டுத்தான? நீங்க கண்டுபிடிச்சுருவீக."

எண்பத்து மூன்றில் அந்த 'இன்னும் கொஞ்சம்' நிஜமாகவே கொஞ்சமாகிவிட்டது. என் கட்டுரையை ஓர் அயல்நாட்டுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்கள். இது நம்ப முடியாத சேதி, ஆகவே கிருமியை அவர்கள் சொன்ன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்களும் செய்து பார்த்து ஆமாம் என்றால் அச்சிடுவார்கள். அனுப்பினேன். விமான நிலையச் சுங்கத்தில் அது வாரக்கணக்கில் கிடந்தது. பிறகு "உங்கள் குழாயில் உயிருள்ளது எதுவும் இல்லை, மீண்டும் அனுப்புங்கள்" என்று தந்தி வந்தது. இந்தத் தடவை நானே மெட்ராஸ் போய், உலர் பனிக்கட்டியில் வைத்துக் கையோடு விமானத்தில் ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு செய்தேன். பூஜை விடுமுறை முடிந்ததும் பயணம். டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜை. அந்த வருஷம்தான் காசிமாயனை நிரந்தரமாக்கியிருந்தார்கள். பழைய உதவியாளர் பேயாண்டி ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் சாவிக்கொத்தும் இவர் இடுப்புக்கு வந்திருந்தது. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் வாழைக்கன்று கட்டினார், மாவிலைத் தோரணம் கட்டினார். மைக்ராஸ்கோப், தராசு, சென்ட்ரிஃப்யூஜ், ஒன்றுவிடாமல் துடைத்துச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். ஃப்ரீசருக்கு நெற்றி எது என்று கொஞ்சம் திகைத்து, கதவின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். ஜனகராஜ் சூடம் காட்டினார். பொரிகடலையை எல்லோரும் கை நிறைய வாங்கிக்கொண்டோம். ஜீப்புக்கு முன்னால் பூசணிக்காய் உடைபட்டது. நான் ஃப்ரீசரின் மேல் ஒரு தடவை கையை வைத்து அதன் உறுமலைக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் கொலு. கொலுவுக்குக்கூட வீடு தங்குவதில்லை என்று அம்மா என்னை ஏசிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது ஃப்ரீசர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்தேன். வழக்கமாக உள்ளே பூத்திருக்கும் வெண்பனியைக் காணோம். அடித்தட்டில் கண்ணாடிப் பாளம் மாதிரி வழவழப்பாக ஒரு பனிக்கட்டி. 'மு' குப்பிகள் சாய்ந்து அதற்குள் பாதி புதைந்திருந்தன. ஒட்டிய தாள்களில் மை கரைந்து ஓடியிருந்தது. தண்ணீராகிப் பிறகு மறுபடி உறைந்தால்தான் இப்படி ஆகும்.

"காசிண்ணே!"

ஓடி வந்தார். கையில் துடைக்கும் துணி.

"கரண்ட் போச்சா?"

"இல்லியேம்மா."

"பின்ன இது எப்படி உருகிச்சு?"

"உருகிருச்சா?" உள்ளே எட்டிப் பார்த்தார். "நாந்தாம்மா அமத்துனேன். இந்நேரம் பழையபடி ஆயிருக்கும்னு பாத்தேன்."

அவர் கொஞ்சமும் பயமில்லாமல், நல்ல காரியம் செய்தவர் சொல்வது போலவே சொன்னார். "பூசைக்கு வச்ச சாமான ஓட விடலாமா? ஊர்ல அன்னைக்கு ஏரு பூட்ட மாட்டோம், மோட்டார் போட மாட்டோம். இங்க எல்லாம் ஓஞ்சு கெடக்கு, இது மட்டும் நெத்தியில பொட்ட வச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிது. வருசம் பூராம் அந்தக் கிருமியக் காவல் காக்குற பெட்டி. ரெண்டு நாளு ஓயட்டும்னுதான் அமத்துனேன். கதவு தொறந்துறக் கூடாதுன்னு துண்டப் போட்டு இறுக்கிக் கட்டி வச்சேம்மா. இன்னைக்கு விடியக்காலம் நல்ல நேரம் பாத்துச் சூடம் காட்டிப் போட்டு விட்டேன்."

"அமத்தவே கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" நான் கத்தினேன். ஜனகராஜ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சொன்னீக. வேலை நாளைக்குச் சொன்னீகன்னு நெனச்சேம்மா."

அவரை என்ன சொல்லித் திட்டுவது? திட்டுவதற்கு நியாயமான வார்த்தை ஒன்றாவது கிடைத்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பேயாண்டி எந்தப் பூஜைக்கும் பெட்டியை அணைத்ததில்லை. ஏனென்றால் பேயாண்டிக்குப் பூஜையிலும் அக்கறை கிடையாது, பெட்டியிலும் அக்கறை கிடையாது. இந்த மனுஷருக்கு இரண்டிலும் அக்கறை இருந்தது. அதுதான் என் தலையில் விழுந்தது.

"போச்சுண்ணே. எல்லாம் போச்சு" என்றேன். பெட்டியைக் கெடுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் விளக்கிச் சொல்லவில்லை.

குப்பிகள் அத்தனையையும் கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில் விதைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. உருகியதும் விழித்துக்கொண்டிருக்கின்றன. மதுரை வெக்கையில், குப்பிக்குள் இருந்ததைத் தின்று, தாங்கள் கக்கிய புளிப்பிலேயே செத்துப்போயிருக்கின்றன. எட்டு வருஷம் நான் முயல்களோடும் மின்வெட்டோடும் மல்லுக்கட்டியதற்கு மிஞ்சியது ஒரு தட்டில் வெறும் மஞ்சள் கூழ். ஜனகராஜ் ஆறுதல் சொல்ல வந்து, "ஒரு காப்பி சாப்பிடுங்க வசுந்தரா" என்றார். அன்று அழுதேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பத்திரிகைக்கு எழுதினேன். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. கிருமியைக் காட்ட முடியாதவளின் கட்டுரையை அவர்கள் எப்படி அச்சிடுவார்கள்? நானாக இருந்தாலும் அச்சிட்டிருக்க மாட்டேன்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. முத்துத்தாயைக் கொன்ற கிருமி என் குப்பியிலிருந்து போய்விட்டது, ஆனால் ஊரில் எங்காவது இருக்கலாம் அல்லவா? ஐப்பசி மழை பிடித்ததும் ஆஸ்பத்திரிகளில் தொற்றுநோய் வார்டுகள் நிரம்ப ஆரம்பித்தன. நான் தினமும் போனேன். குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காசிமாயன் கூடவே வந்தார். என்ன தேடுகிறோம் என்று அவர் கேட்கவில்லை. பெட்டியைக் கெடுத்த பாவத்துக்கு என்னோடு அலைவதே பரிகாரம் என்று இருந்துவிட்டார்.

கோச்சடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் மலையம்மாள். மூன்று பிள்ளைகளும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றன. கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, அச்சு அசல் முத்துத்தாய் கிடந்த மாதிரியே கிடந்தாள். ஆனால் இங்கே சலைன் இருந்தது, ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மாதிரி எடுத்தேன். எடுக்கும்போது மனதுக்குள் ஒரு வேண்டுதல் ஓடியது. சாமி, இவளுக்கு வந்தது அதுவாகவே இருக்கட்டும். அது ஓடிய பிறகுதான் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கே உறைத்தது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மலையம்மாள் பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது சாதாரணக் காலரா. முயல் செல்லில் விட்டுப் பார்த்தேன், மணி விடாமல் அடித்தது. அவள் பிழைத்தது சந்தோஷம்தான். ஆனால் அந்த முடிவைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாளும் வார்டுக்குப் போனோம். அன்று புதிதாக யாரும் வரவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது காசிமாயன் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. நாம என்னத்தம்மா தேடுறோம்?"

இனியும் மறைப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியது. "முத்துத்தாய்க்கு வந்த கிருமியத் தேடுறோம்ண்ணே. நம்மகிட்ட இருந்தது செத்துப்போச்சு. பெட்டி அணைஞ்சப்ப செத்துப்போச்சு."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"செத்துருச்சா?"

"ம்."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

அழுவார் என்று நினைத்தேன். காலில் விழுவார், மன்னிப்புக் கேட்பார் என்று பயந்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துண்டை எடுத்தபோது, அந்த எட்டு வருஷத்தில் நான் ஒருநாளும் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் இருந்தது. மேற்கே, அவர் ஊர்ப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

"எங்கையாலயே செத்துருச்சா தாயி!" என்றார். "இத ஏம்மா இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லல?"

பிறகு அவர் நெற்றி சுருங்கியது. எதையோ கூட்டிப் பார்த்து ஒத்துவராதவர் போல என்னைப் பார்த்தார். அதில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"அவளக் கொன்னது செத்துருச்சுன்னா நல்லதுதானம்மா. அப்புறம் எதுக்கு அது இன்னும் எங்கயாச்சும் இருக்கான்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடுறோம்?"

மணி அடிக்காத அந்த இன்னொரு வழியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வருங்காலத்து மருந்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எட்டு வருஷமாக அவருக்குச் சொன்ன பதில்தான் அது. வாயைத் திறந்தேன். மலையம்மாளின் பிள்ளைகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது.

பஸ் வந்தது. கூட்டம். யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். காசிமாயன் என் காலடியில் பலகையிலேயே உட்கார்ந்து, குழாய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்தவை வெறும் குழாய்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் இறங்கும் இடம் வரும்வரை மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடியே வந்தார்.